எண்ணெய்த் துளியும் மூச்சுக்குழலும்

கார்த்திகை, மார்கழித் திங்களில் தில்லி, லக்னோ, பாட்னா முதலிய நகரங்களில் பனியும் புகையும் கலந்து தெருவை மூடும்பொழுது, தெற்கிலிருந்து சென்று குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இரவில் இழுப்பின் ஒலி கேட்பதுண்டு. “இவ்வூர்க் கடுகெண்ணெய்தான் காரணம்” என்பார் ஒருவர். “மீனெண்ணெய் கொடுத்தால் தீரும்” என்பார் மற்றொருவர். எண்ணெய்க்கும் மூச்சுக்கும் தொடர்பு உண்டா? உண்டு, ஆயினும் அது இவ்விருவரும் கருதும் வகையில் அன்று.

மூச்சுக்குழலின் சுவரைச் சுற்றி, நம் விருப்பத்திற்கு அடங்காத மென்தசை அமைந்திருக்கிறது. அது சுருங்கினால் குழல் குறுகும், தளர்ந்தால் விரியும். காற்று அமைதியாக ஓடும் ஒரு குழலின் ஆரம் பாதியாகுமானால் தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் கணக்கு. சிறிதளவு சுருக்கமே பெருந்துன்பம் தருவது இதனாலேயே.

இத்தசையை ஆட்டிவைக்கும் பொருள்கள் சில, நாம் உண்ணும் கொழுப்பிலிருந்து பிறக்கின்றன. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர், கொழுப்பே இல்லாத உணவை எலிகளுக்கு அளித்தனர். எலிகளின் வளர்ச்சி குன்றியது. வாலில் செதில் படிந்தது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, உணவிலிருந்தே பெறவேண்டிய கொழுப்பு அமிலங்கள் உள்ளன என்பது அதனால் விளங்கிற்று. லினோலீக் அமிலமும் ஆல்பா லினோலெனிக் அமிலமுமே அவை. முன்னதிலிருந்து உடல் அராக்கிடோனிக் அமிலத்தை ஆக்கி, உயிரணுக்களின் சவ்வில் சேமித்து வைக்கிறது.

விந்தை யாதெனில், இவ்வோர் அமிலமே பகையும் நட்பும் ஆகிறது. 1938-இல் மெல்போர்ன் நகரில் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்னும் அறிஞர்கள் கினிப்பன்றியின் நுரையீரலில் நாகப்பாம்பின் நஞ்சைச் செலுத்தியபொழுது, தசையை மெல்ல மெல்ல, நெடுநேரம் சுருக்கும் ஒரு பொருள் வெளிப்பட்டது. அதன் அமைப்பு நாற்பது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1979-இல் சுவீடன் நாட்டு சாமுவல்சன் குழுவினர் அதனை விளக்கினர். அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் லூக்கோட்ரையீன் என்பதே அது. மூச்சுக்குழலைச் சுருக்குவதில் ஹிஸ்டமீனைவிட ஏறத்தாழ 1000 மடங்கு வல்லது.

அதே அமிலம் மற்றொரு வழியில் சென்றால் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 ஆகிறது. குழலின் உட்புறத் தோலணுக்கள் இதனைச் சுரக்கின்றன. இது தசையணுவினுள் சுழல் ஏ.எம்.பி. என்னும் பொருளைப் பெருக்கித் தசையைத் தளர்த்துகிறது. இழுப்பு நோயாளர் உறிஞ்சும் சால்பியூட்டமால் மருந்தும் இப்பொருளைப் பெருக்கியே பயன் தருகிறது. அங்ஙனமாயின் ஈ-2-வையே மருந்தாக்கலாகாதா என நேயர்கள் வினவலாம். அதனை உறிஞ்சினால் இருமல் பொறுக்க முடிவதில்லை!

இவ்விரு வழிகளின் சமநிலை குலைவதை ஆஸ்பிரினில் தெளிவாகக் காணலாம். அது புரோஸ்டாகிளாண்டின் வழியை அடைக்கிறது என்பதை 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் காட்டினார். ஆஸ்த்மா உடையோருள் சிலருக்குத் தளர்த்தும் பொருள் இவ்வாறு குறையவே, லூக்கோட்ரையீனின் கை ஓங்குகிறது. தலைவலிக்கென விழுங்கிய ஒரு மாத்திரை, ஓரிரு மணி நேரத்தில் உயிருக்கே உலைவைக்கும் இழுப்பைக் கொணரலாம். ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகளும் இவ்வினத்தவையே. தமக்கோ தம் குழந்தைக்கோ இழுப்பு உண்டு என்பதை மருந்துக்கடையில் முதலில் சொல்லிவிடுவது நன்று. மொழி தெரியாத ஊரில் இச்சொல் ஒன்றையாவது கற்றிருக்க வேண்டும்.

இனி அடுக்களைக்கு வருவோம். நல்லெண்ணெயில் லினோலீக் அமிலம் மிகுதி. கடுகெண்ணெயில் ஆல்பா லினோலெனிக் அமிலமும் ஓரளவு உண்டு. வடநாட்டார் குளிர்காலத்தில் உருண்டை பிடித்து உண்ணும் ஆளிவிதையின் எண்ணெயில் பாதிக்கு மேல் அதுவே. ஆதலின் கடுகெண்ணெயைப் பழிப்பதற்கு இதில் இடமில்லை. ஆல்பா லினோலெனிக் அமிலத்தில் ஒரு சிறு பகுதியே, மீனெண்ணெயில் நேராகக் கிடைக்கும் நீண்ட அமிலங்களாக உடலில் மாறுகிறது. அவை சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்து, லூக்கோட்ரையீன் உற்பத்தியைக் குறைக்கின்றன.

எனினும் ஏற்கெனவே ஆஸ்த்மா உடையோருக்கு மீனெண்ணெய் அளித்த சோதனைகளில் ஒரே சீரான பயன் காணப்படவில்லை. உறிஞ்சு மருந்தை நிறுத்திவிட்டு அதனை நம்புவது ஆபத்து. கருவுற்ற தாய்மார்க்கு அளித்த ஒரு சோதனையோ நம்பிக்கை தருகிறது. டென்மார்க்கில் 736 தாய்மாரிடம் நடந்து 2016-இல் வெளியான அதில், கருவின் 24-ஆம் வாரம் முதல் நாள்தோறும் 2.4 கிராம் பெற்றவர்களின் குழந்தைகளில் 16.9 விழுக்காட்டினருக்கும், ஆலிவ் எண்ணெய் பெற்றவர்களின் குழந்தைகளில் 23.7 விழுக்காட்டினருக்கும் தொடர் இழுப்போ ஆஸ்த்மாவோ கண்டது. பயன் பெரிதும், இவ்வமிலங்கள் இரத்தத்தில் குறைந்திருந்த தாய்மாரின் குழந்தைகளிடமே காணப்பட்டது.