கிராமத்து டாக்டர்கள் – 6: ஈத்தரும் ஒரு கணக்குப் புத்தகமும்

சென்ற வாரம் கென்டக்கியின் டான்வில் ஊரில் ஜேன் அம்மையார், மயக்க மருந்து எதுவும் இல்லாமல், பக்திப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே வயிற்றை அறுக்கக் கொடுத்ததைப் பார்த்தோம். அது 1809. அதன் பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறுவை சிகிச்சை என்றால் அதுதான். நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். யார் சீக்கிரம் அறுத்து முடிக்கிறாரோ அவரே கைராசிக்காரர். கத்திக்குப் பயந்து கட்டியோடும் புண்ணோடும் ஆயுசை ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அமெரிக்காவில் அந்தப் பயத்தை முதலில் தொட்டவர், ஜார்ஜியா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற சின்ன ஊரில் இருபத்தாறு வயதில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கிராஃபோர்டு லாங்.

லாங் பிறந்தது 1815 நவம்பர் 1, அதே மாநிலத்தின் டேனியல்ஸ்வில்லில். அப்பா ஜேம்ஸ் லாங் வியாபாரி, பண்ணைக்காரர், மாநில மேலவையிலும் இருந்தவர். தன் நண்பரும் பெரிய அரசியல்வாதியுமான வில்லியம் கிராஃபோர்டின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார். பதினான்கு வயதில் பையன் ஏதென்ஸ் நகரின் பிராங்க்ளின் கல்லூரிக்குப் போனான். அங்கே அறைத் தோழன் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். பின்னாளில் தென்மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது அதன் துணை அதிபரானவர் இவர்தான். லாங் கென்டக்கியில் மருத்துவம் தொடங்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1839-ல் பட்டம் வாங்கி, நியூயார்க் மருத்துவமனைகளில் ஒன்றரை ஆண்டு அறுவை சிகிச்சை பழகினார். அவ்வளவு படித்தவர் பெருநகரத்தில் தங்கியிருக்கலாம். 1841-ல் ஊர்ப்பக்கம் திரும்பி, ஜெஃபர்சனில் தனக்கு ஆரம்பத்தில் தொழில் சொல்லிக்கொடுத்த டாக்டரின் இடத்தையே எடுத்துக்கொண்டார்.

ஊரில் இளவட்டங்களுக்குப் பொழுதுபோக்கு குறைவு. சிரிப்பு வாயு அடித்துக் கூத்தாடுவது அப்போது நாடெங்கும் பரவியிருந்தது. 1842 ஜனவரியில் சில நண்பர்கள் லாங்கிடம் அந்த வாயுவைத் தயாரித்துத் தரச் சொன்னார்கள். அதற்கான கருவி தன்னிடம் இல்லை, ஈத்தர் இருக்கிறது, அதுவும் அதே வேலையைச் செய்யும் என்றார் அவர். மாணவனாக இருந்த காலத்தில் அவரே முகர்ந்து பார்த்ததுதான். அன்றிரவு எல்லாரும் முகர்ந்தார்கள், ஆடினார்கள், விழுந்தார்கள். பிறகும் பல இரவுகள் இது நடந்தது. மறுநாள் பார்த்தால் லாங்கின் உடம்பில் கன்றிப்போன காயங்கள், எங்கே இடித்தது என்று நினைவே இல்லை. நண்பர்களைக் கவனித்தார். எலும்பு நோகும் அளவு விழுந்தவர்களும் விழுந்தபோது வலிக்கவில்லை என்றார்கள்.

அந்தக் கூத்துகளில் கலந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். நாடு முழுக்க, ஆண்டுக்கணக்காக, படித்த டாக்டர்களும் சேர்ந்துதான். ஆனால் அறுவை மேசையையும் அந்தக் காயங்களையும் ஒருசேர நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் லாங். இந்தத் தொடரில் நான் எழுதிய கண்டுபிடிப்புகளிலேயே எனக்கு மிகப் பிடித்த கணம் இதுதான்.

ஜேம்ஸ் வெனபிள் என்ற இளைஞருக்குப் பிடரியில் இரண்டு கட்டிகள். எடுத்துவிடலாம் என்று பலமுறை பேச்சு வந்தும், கத்தியை நினைத்து அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவரும் ஈத்தர் முகர்கிறவர்தான். அதை முகர்ந்தபடியே அறுத்துக்கொள்ளலாமே என்றார் லாங். 1842 மார்ச் 30, புதன்கிழமை. ஒரு துவாலையில் ஈத்தரை ஊற்றி மூக்கருகே பிடித்தார்கள். அரை அங்குல அளவான கட்டி வெளியே வந்தது. எடுத்த கட்டியைக் கண்ணில் காட்டிய பிறகுதான் வெனபிள் நம்பினார். ஜூன் மாதம் மற்றொன்றையும் அதே முறையில் எடுத்தார்கள். லாங்கின் கணக்குப் புத்தகத்தில் முதல் சிகிச்சைக்கு ஒரே ஒரு வரி: ஈத்தருக்கும் கட்டியை அறுத்ததற்கும் சேர்த்து 2 டாலர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவருக்குக் கல்யாணம். பெண் மேரி கரோலின் ஸ்வெயின், வட கரோலினாவின் முன்னாள் ஆளுநர் டேவிட் ஸ்வெயினின் உறவு. பிள்ளைகள் நிறையப் பிறந்தார்கள், சிலர் குழந்தைப் பருவத்திலேயே போய்விட்டார்கள். அந்தக் காலத்து டாக்டர் வீடும் அதற்கு விலக்கில்லை. 1845 டிசம்பரில் இரண்டாவது குழந்தை பிறந்தபோது மனைவிக்கு லாங் ஈத்தர் கொடுத்தார் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. பிரசவ வலிக்கு ஈத்தர் கொடுத்து உலகப் புகழ் பெற்ற எடின்பரோ டாக்டர் சிம்சன் அதைச் செய்தது 1847 ஜனவரியில்.

இவ்வளவையும் செய்தவர் ஏன் எழுதவில்லை? அவர் சொன்ன காரணங்களை நான் அப்படியே ஏற்கிறேன். கிராமத்து டாக்டருக்குக் காய்ச்சலும் பிரசவமும்தான் அன்றாடம். கத்தி எடுக்கும் வேலை ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் பெரிது. மனவசியத்தால் வலியைப் போக்கலாம் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வேலை செய்தது ஈத்தரா, நோயாளியின் கற்பனையா என்று தெரியாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தார். ஒரே ஆளுக்கு ஈத்தரோடு ஒருமுறையும் ஈத்தர் இல்லாமல் ஒருமுறையும் அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பார்த்தார். ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் மூன்று கட்டிகளை எடுத்தார். இரண்டாவதற்கு மட்டும் ஈத்தர். அந்தப் பெண் மற்ற இரண்டுக்கும் துடித்தாள். பிறகு 1845-ல் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு இரண்டு விரல்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு விரலுக்கு ஈத்தர் கொடுத்தார், இன்னொன்றுக்குக் கொடுக்கவில்லை. சிறுவன் அடிமை. ஒரு விரலுக்கு அவன் துன்பப்பட்டான், மற்றதற்கு உணர்வே இல்லை என்று கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார் லாங்.

அந்த வாக்கியத்தை என்னால் சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. வெனபிள் பயந்தபோது, பயம் தீரும்வரை டாக்டர் காத்திருந்தார். சிறுவன் பயந்தானா என்று கேட்க வேண்டிய அவசியமே அந்த ஊரில் யாருக்கும் இல்லை. அவனுடைய எஜமானரின் சம்மதம் போதும், சட்டம் அப்படி. 1842 ஜூலையில் கால்விரல் எடுக்கப்பட்ட இன்னொரு சிறுவனும் கட்டுரையில் இன்னாருடைய சொத்து என்றே வருகிறான். எஜமானியின் பெயர் இருக்கிறது, அவன் பெயர் இல்லை. லாங்கின் குடும்பமும் அடிமைகளை வைத்திருந்த குடும்பம்தான். அவர் கொடியவர் என்று நான் சொல்லவரவில்லை. கையில் மருந்து இருந்தும் ஒரு குழந்தையை வலிக்க விட்டார், அதைச் சான்றாக வைத்தார் என்கிறேன். அவருடைய புகழைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

1846 அக்டோபர் 16-ல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பலர் முன்னிலையில் ஈத்தர் கொடுத்துக் காட்டினார். சில மாதங்களில் ஐரோப்பாவே அதைப் பேசியது. மார்ட்டன், அவருக்கு யோசனை சொன்ன வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன், சிரிப்பு வாயுவை முயன்ற ஹொரேஸ் வெல்ஸ் மூவருக்கும் நடந்த சண்டை மூவரையுமே அழித்தது. வெல்ஸ் 1848-ல் தற்கொலை செய்துகொண்டார். ஜாக்சனின் கடைசி ஆண்டுகள் மனநலக் காப்பகத்தில் கழிந்தன. லாங் 1849 டிசம்பரில்தான், அகஸ்டாவிலிருந்து வந்த மருத்துவ இதழில், வெனபிளும் மற்றவர்களும் எழுதிக்கொடுத்த சாட்சிகளோடு தன் கட்டுரையை வெளியிட்டார். ஜாக்சனே பின்னர் ஏதென்ஸ் வந்து அந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

லாங் அதற்குள் ஏதென்ஸில் குடியேறி, தம்பியோடு சேர்ந்து வைத்தியமும் மருந்துக்கடையும் நடத்திக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போர் அவர் சேர்த்ததையெல்லாம் கரைத்தது. 1864-ல் வடக்கத்திப் படை நெருங்குகிறது என்ற பேச்சு வந்தபோது, ஈத்தர் சான்றுகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மகளிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னாராம். நகையைப் பற்றிய பேச்சு அந்தக் கதையில் இல்லை. மகள் ஃபிரான்சிஸ் லாங் டெய்லர் 1928-ல் அப்பாவைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அரசாங்கமும் கல்லூரியும் காப்பாற்றாத பெயரை அந்த வீட்டுப் பெண்கள்தான் காப்பாற்றினார்கள்.

1878 ஜூன் 16. ஏதென்ஸில் ஒரு வீட்டில் பிரசவம் பார்த்து, குழந்தையைக் கையில் கொடுத்த மாத்திரத்தில் லாங் மயங்கி விழுந்தார். முதலில் தாயையும் சேயையும் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டு உயிர் விட்டார் என்கிறார்கள். வயது அறுபத்திரண்டு. ஜார்ஜியா தன் சார்பில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அனுப்பிய இரண்டு சிலைகளில் 1926-ல் வைத்தது அவருடையது. மறு ஆண்டு வைத்தது கல்லூரி அறைத் தோழன் ஸ்டீபன்ஸுடையது. அமெரிக்காவில் மார்ச் 30 இன்று மருத்துவர் தினம்.

இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1877 மே மாதம், லாங்கின் உரிமையை நாடறிய எடுத்துச் சொல்லி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் அன்றைய அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற மகளிர் மருத்துவர் மரியன் சிம்ஸ். அவரும் ஒரு காலத்தில் அலபாமாவில் கிராமத்து டாக்டராக இருந்தவர்தான். 1845 முதல் 1849 வரை, மாண்ட்கோமரியில் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிய சிறு மருத்துவமனையில், அனார்க்கா, லூசி, பெட்சி என்ற அடிமைப் பெண்களுக்கு அவர் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்தார். அனார்க்காவுக்கு மட்டும் முப்பது முறை. ஈத்தர் பற்றிய செய்தி ஊரெங்கும் பரவிய பிறகும் அவர்களுக்கு அவர் அதைக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த மூவரையும் பற்றி.

(தொடரும்)