சிறிய காருக்காகப் பிரிக்கப்பட்ட பெரிய கார்: பந்தயக் கார் மாதிரிகள் உருவாவது எப்படி?

ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த டாமியா நிறுவனம் 1970-களில் போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கியது. ஓட்டுவதற்காக அல்ல, பாகம் பாகமாகப் பிரித்து அளவெடுப்பதற்காக. நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா எடுத்த முடிவு அது. காரை மீண்டும் பூட்டுவதற்கு போர்ஷே மெக்கானிக்குகளை அழைக்க நேர்ந்தது தனிக்கதை. 1976-ஆம் ஆண்டு 1:12 அளவில் போர்ஷே 934 பந்தயக் காரின் பிளாஸ்டிக் மாதிரி வெளியானது.

கார் மாதிரிகளில் பரவலானது 1:24 அளவு. இதில் 4.3 மீட்டர் நீளமுள்ள கார் சுமார் 18 செ.மீ. ஆகிறது. வடிவத்தைச் சுருக்கலாம், வண்ணப்பூச்சின் தடிமன் தானாகச் சுருங்காது. மாதிரியின் மீது 0.1 மி.மீ. பூச்சு படிந்தால், உண்மையான காரில் அது 2.4 மி.மீ. கனத்துக்குச் சமம். கதவைச் சுற்றியுள்ள இடுக்குகள் மூடிக்கொண்டு, கார் பொம்மையாகிவிடும். எனவே, தேர்ந்த கலைஞர்கள் இடுக்குகளை முன்னரே ஊசிமுனைக் கருவியால் ஆழப்படுத்திவிட்டு, ஏர்பிரஷ் மூலம் மெல்லிய அடுக்குகளாக வண்ணம் தெளிக்கின்றனர். இருக்கைப் பட்டைகளுக்குத் துணி நாடாவும், அவற்றின் கொக்கிகளுக்கு அமிலத்தால் அரித்தெடுத்த உலோகத் தகடும் பயன்படுகின்றன.

ஃபார்முலா 1 மாதிரிகளில் சிக்கல் வேறு. 1988-ஆம் ஆண்டு 16 பந்தயங்களில் 15-இல் வென்ற மெக்லாரன் எம்பி4/4 கார், சிகரெட் நிறுவன விளம்பரத்துடன் ஓடியது. புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளால், இத்தகைய கார்களின் மாதிரிப் பெட்டிகளில் அந்தப் பெயர்கள் பொதுவாக இடம்பெறுவதில்லை. அசல் தோற்றத்தை விரும்புவோர் அந்த ஒட்டுப்படங்களை வேறு சிறு தயாரிப்பாளர்களிடம் தனியே வாங்கி ஒட்டுகின்றனர். பெயரை நீக்கினால் வரலாறு பிழையாகிறது என்பது அவர்களது வாதம். சிறுவர்களும் வந்து செல்லும் கடையில் சிகரெட் பெயர் எதற்கு என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.