ஒதுங்கி நிற்கும் நாய்க்கும் ஒரு வளவு

எமது கிராமங்களில் நாய் வளர்ப்பது ஒரு பெரிய விடயமாக எண்ணப்படுவதில்லை. அயல் வீட்டு நாய் குட்டி போட்டால், அவற்றுள் கடுவன் குட்டி ஒன்றைப் பார்த்துச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கொண்டு வருவோம். இரண்டு இரவு அழும். மூன்றாம் நாள் முற்றத்தில் ஓடித் திரியும். குட்டிக்கு இது போதும். வளர்ந்த நாய், அதிலும் மனிதரைக் கண்டதும் பற்றைக்குள் பதுங்கும் நாய், இவ்வாறு ஒரு வீட்டுக்கு வந்து சேராது.

நீண்ட காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்து, விட்டு வந்த காணியைத் துப்புரவாக்கப் போகும் குடும்பங்கள் இத்தகைய நாய்களைச் சந்திக்கின்றன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதிலுமிருந்தும், 2009இல் வன்னியிலும் எமது மக்கள் எழுந்து நடந்தபோது நாய்களைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. மாட்டை அவிழ்த்து விட்டோம், கோழிக்கூட்டைத் திறந்து விட்டோம், நாய் படலை வரை வந்து நின்றது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அந்த நாய்கள் இன்று இல்லை. ஆளில்லாத வளவுகளிலும் படைமுகாம்களின் குசினிக் கழிவிலும் தலைமுறை தலைமுறையாக நாய்கள் பிறந்தன. முகாம் அகற்றப்பட்டுக் காணி உரியவர்களிடம் திரும்பும்போது, சோறு போட்டவர்கள் போய்விடுகிறார்கள். நாய் நின்றுவிடுகிறது.

வலிகாமம் வடக்கில் அவ்வாறு விடுவிக்கப்பட்ட ஒரு காணியில், இடிந்த மோட்டர்க் கொட்டிலுக்குள், நாம் பழகிய குடும்பமொன்று ஒரு நாயைக் கண்டது. செம்மண் நிறம், ஏழு கிலோ கூட இராது, காதோரம் சொறி. காணி வெட்டியவர்கள் கிட்டப் போனால் மூலையில் ஒட்டிக்கொண்டு சிறுநீர் கழித்துவிடும். கடிக்கவும் இல்லை, குரைக்கவும் இல்லை. அதை எடுக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. கட்டை நாய், பெட்டை நாய், பயந்த நாய். இவை மூன்றும் போதாதென்று, "அது ஆமிக் காம்ப் நாய்" என்ற பேச்சும் இருந்தது. முப்பது ஆண்டு தம் காணியை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதை நாம் குறை கூற மாட்டோம். சுவர் கட்ட வந்த மேசன் இளைஞர் ஒருவர் முன்னர் தென்பகுதியில் வேலை செய்தவர். அவர் சும்மா பகிடியாக "மெஹெ" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். இங்கே வா என்பதுதான் பொருள். அன்றுதான் அந்த நாய் முதன்முறை காதை உயர்த்திப் பார்த்தது.

பிரதேச சபைக்குச் சொல்லிப் பிடித்துக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டனர். கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறையை அரசு 2006இல் நிறுத்திவிட்டது. ஆகவே ஒரு நாய்க்கு வீடு கிடைக்கவில்லையென்றால் அதற்கு றோட்டுத்தான். றோட்டில் நிற்கும் பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடவும் கூடும்.

ஏன் ஒரு நாய் இப்படிப் பயப்படுகிறது? அடித்தார்கள் போலும் என்று எல்லோரும் சொல்வோம். பல வேளை அது உண்மைதான். ஆனால் ஒருவரும் அடிக்காமலே பயந்த நாயாக வளரவும் முடியும். அமெரிக்காவின் பார் ஹாபர் என்ற இடத்தில் நடத்தப்பட்டு 1961இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதைக் காட்டியது. வேலியடைத்த வெளியில் மனிதரோடு பழகாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை வெவ்வேறு வயதில் ஒரு கிழமை மட்டும் மனிதரோடு பழகவிட்டார்கள். 14 கிழமை வரை மனிதரோடு பழகாமலே இருந்த குட்டிகளைப் பின்னர் பழக்குவது மிகக் கடினமாயிற்று. அந்தச் சிறு வயதில் எந்தக் கை தடவியதோ அந்தக் கைதான் நாய்க்கு உலகம். மோட்டர்க் கொட்டில் நாய்க்குக் கை கிடைத்திருக்கவில்லை. தூர நின்று சோற்றை எறிந்த ஒரு குரல் மட்டும் கிடைத்திருந்தது.

கொஞ்ச நாட்களில் அதைக் கேட்டு மூவர் வரத்தான் செய்தார்கள். வெங்காயம் செய்யும் ஒருவர் தோட்டக் கொட்டிலில் காவலுக்குக் கட்டிவைக்கக் கேட்டார். பயந்த நாயைச் சங்கிலியில் கட்டினால் அது ஓட முடியாது. ஓட முடியாத பயம் பல்லில்தான் போய் முடியும். இன்னொரு வீட்டில் நான்கு சிறு பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் தூக்குவார்கள், வாலைப் பிடிப்பார்கள், கட்டிலுக்கடியில் கையை விட்டு இழுப்பார்கள். மூன்றாமவர் கொழும்புக்குப் போய் வரும் தொழில் செய்பவர். கிழமையில் நான்கு நாள் வீடு பூட்டு. விருப்பம் மூவருக்கும் இருந்தது. இந்த நாய்க்கு வேண்டியதோ தன்னைச் சும்மா விடத் தெரிந்த ஒரு வீடு.

அப்படி ஒரு வீடு, மீளக் குடியேறிய வயோதிபத் தம்பதியருடையது. பிள்ளைகள் வெளிநாட்டில். பகலெல்லாம் யாராவது வீட்டில் இருப்பார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் இருந்தது. சாதுவானது, எவர் வந்தாலும் எழும்பாதது. மனிதரை நம்பும் இன்னொரு நாயைப் பார்த்தே பயந்த நாய் அரைவாசி பழகிவிடும் என்பதால் இதை நாம் பெரிய வாய்ப்பாகக் கருதினோம். அந்த அம்மாவிடம் காம்ப் நாய் என்று சொல்கிறார்களே, பரவாயில்லையா என்று கேட்டோம். "பாதர், உந்தச் சீவனுக்கு என்ன தெரியும்? சோறு போட்ட கையைத்தான் அதுக்குத் தெரியும்" என்றார்.

உடனே கொடுக்கவில்லை. நாயை எமது நிலையத்தின் பின் விறாந்தையில், சாக்குகள் அடுக்கிய மூலையில் தங்கவைத்தோம். அந்தப் பெரியவர் ஒவ்வொரு மாலையும் சிரட்டையில் சோறும் அவித்த மீன்தலையும் கொண்டு வந்தார். வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிக் குந்தியிருந்து வெற்றிலை போடுவார். நாயைப் பார்க்கவே மாட்டார். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதும், நின்றபடி குனிந்து தலைக்கு மேலால் கை நீட்டுவதும் நாய்க்கு மிரட்டல். நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, வெறும் வாயை நக்குவது, முகத்தைத் திருப்பிக் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் கிட்ட வராதே என்று அது கெஞ்சும் விதம். இதை விளங்காமல் மேலும் கிட்டப் போய்க் கடி வாங்குபவர்கள் பலர். ஒன்பதாம் நாள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து தின்றது. அன்றும் அவர் தொடவில்லை. பொறுமை என்று நாம் பிறருக்குச் சொல்லித் திரிவதை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே செய்து காட்டினார்.

இதற்கிடையில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போடுவித்தோம். இதை ஆண்டுதோறும் போட வேண்டும். 1973இல் இலங்கையில் 300 பேருக்கு மேல் இந்நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது 50இற்கும் கீழே வந்திருக்கிறது என்றால் நாய்களுக்கு ஊசி போட்டதும் கடிபட்டவர்களுக்கு ஊசி கிடைத்ததும்தான் காரணம். எவ்வளவு சாதுவான நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நாயை அடித்துக் கொல்லாது 14 நாள் கண்காணிப்பில் வைத்திருங்கள். சொறிக்குக் கழிவு என்ஜின் ஒயில் பூசும் பழக்கம் எமது ஊர்களில் உண்டு. அதை நாய் நக்கும். சிறிய நாய்க்கு அது நஞ்சு. கால்நடை வைத்தியர் தந்த மருந்தில் காதோரச் சொறி மாறிற்று. வெங்காயம் போட்ட கறிச் சோறும் கூடாது. அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயத் தோட்டக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

கொண்டுபோன அன்று அது படுத்திருந்த சாக்கையும் கூடவே கொடுத்தோம். தன் மணம் உள்ள ஒன்று புதிய இடத்தில் இருக்க வேண்டும். வேலியின் அடியில் கிடுகு உக்கியிருந்த இரண்டு பொட்டுகளையும் படலைக்குக் கீழே இருந்த இடைவெளியையும் பெரியவர் முதல்நாளே பலகை வைத்து அடைத்திருந்தார். புதிதாக வந்த பயந்த நாய் முதல் கிழமையில்தான் தப்பி ஓடும். ஓடினால் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். நாய்களுக்கு வீடு தேடிக் கொடுப்போர் மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு: நடுக்கம் தணிய மூன்று நாள், வீட்டு நேரங்கள் பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று இருக்க மூன்று மாதம். இந்த நாய் அந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஐந்து நாள் வாழை மரத்தடியை விட்டு வரவில்லை. இரவில் மட்டும் தின்றது. பிறகு ஒரு மத்தியானம் கிழட்டு நாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் படுத்திருந்ததாம். அம்மா அன்று அடுப்படியை விட்டு வெளியே வராமலே இருந்தாராம், அது எழும்பிவிடும் என்று.

நான்காம் மாதம் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் முடிந்தது. இப்போது இரவில் படலையடியில் சத்தம் கேட்டால் முதலில் குரைப்பது இதுதான். பயந்த நாயின் காது கூர்மையானது. இடி இடித்தால், கோயில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினால், கட்டிலுக்கடியில் போய்விடும். அந்த வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்தச் சத்தம் பிடிப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பார்கள்.

பெயர் ஒன்றும் தேடி வைக்கவில்லை. திரும்பிப் பார்த்த ஒரே சொல் என்பதால் "மெஹெ" என்பதே பெயராகிவிட்டது. மாலையில் அம்மா அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அடுத்த வளவுப் பிள்ளைகளும் வேலிக்கு மேலால் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் அது இன்னும் போவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாலின் நுனியை மட்டும் ஆட்டுகிறது.