காக்கையின் மௌனமும் முடிவுறாத மடலும்

ஒரே ராகத்தை அரை மணி நேரம் விரித்துப் பாடினாலும் சலிப்பின்றிச் செவிமடுக்கும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. அத்தகைய செவிகளுக்கு மேலைநாட்டு ராக் இசையின் ஒரு கிளை அத்துணை அந்நியமாகத் தோன்றாது. 'புரோகிரசிவ் ராக்' என்பது அதன் பெயர். மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் திரைப்பாட்டு போன்ற வடிவத்தை அது ஏற்பதில்லை. பத்து, பன்னிரண்டு நிமிடங்கள் நீளும் பாடல்கள், ஐந்தும் ஏழுமாக மாறி மாறி வரும் தாள எண்ணிக்கை, தொகுப்பு முழுவதையும் இழையாகக் கோக்கும் ஒரு கதை அல்லது கருத்து ஆகியவை அதன் அடையாளங்கள்.

1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு இங்கிலாந்தில் வெளிவந்தபோது இவ்வகை இசைக்கு வலுவான தொடக்கம் கிடைத்தது. எஸ், ஜெனசிஸ், ஜெத்ரோ டல், பிங்க் ஃப்ளாய்ட் ஆகிய குழுக்கள் அதனை 1970களின் நடுப்பகுதி வரை உச்சத்தில் வைத்திருந்தன. பின்னர் எளிமையும் ஆவேசமும் மிக்க பங்க் இசை எழுந்தது. நீண்ட பாடல்கள் ஆடம்பரம் என ஒதுக்கப்பட்டன. ஆயினும் அந்த ஊற்று வற்றிவிடவில்லை. நம் காலத்தில் அதனை மீண்டும் பெருகச் செய்தோருள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் ஸ்டீவன் வில்சன்.

1967இல் இங்கிலாந்தில் பிறந்த வில்சன், மின்பொறியாளரான தந்தை செய்து கொடுத்த ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு சிறு வயதிலேயே இசையமைக்கக் கற்றவர். 'போர்க்குபைன் ட்ரீ' என்னும் குழுவைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தினார். 2009ஆம் ஆண்டின் இறுதியில் மும்பை ஐ.ஐ.டி.யின் 'மூட் இண்டிகோ' விழாவில் அக்குழு வாசித்ததை இன்றும் நினைவுகூர்வோர் நம் நாட்டில் உளர். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், எஸ் ஆகிய குழுக்களின் பழைய பதிவுகளைப் புதிதாக ஒலிக்கலவை செய்து கொடுத்தவரும் இவரே. முன்னோர் கட்டிய மாளிகையின் ஒவ்வொரு செங்கல்லையும் கையில் எடுத்துப் பார்த்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

அவர் தம் பெயரில் தனியே வெளியிட்ட தொகுப்புகளுள் இரண்டை அன்பர்கள் அடிக்கடி எதிரெதிரே நிறுத்துவதுண்டு. 2013இல் வெளிவந்த 'தி ரேவன் தட் ரெஃப்யூஸ்ட் டு சிங்' ஒன்று. 2015இல் வெளிவந்த 'ஹேண்ட். கேனாட். இரேஸ்.' மற்றொன்று. இவற்றுள் எது மேலானது? பல ஆண்டுகளாக என்னுள் நடந்த இவ்வழக்குக்கு அண்மையில்தான் ஒரு தீர்ப்பு கிடைத்தது.

பாட மறுத்த காக்கை

முதல் தொகுப்பின் தலைப்புக்குப் 'பாட மறுத்த அண்டங்காக்கை' என்று பொருள் கொள்ளலாம். ஆறே பாடல்கள், ஏறத்தாழ 55 நிமிடங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆவிக்கதை. திகிலூட்டுவது இக்கதைகளின் நோக்கமன்று. இழப்பு, குற்றவுணர்வு, மரணத்தை எதிர்நோக்கும் அச்சம் ஆகியவற்றுக்கு ஆவி ஓர் உருவகமாக நிற்கிறது.

'லூமினால்' என்னும் முதற்பாடலில், நாள்தோறும் ஒரே தெருமுனையில் நின்று வாசிக்கும் எளிய இசைஞன் ஒருவன் வருகிறான். இறந்த பின்னும் அவன் அவ்விடத்தை விட்டு நீங்குவதில்லை. 'டிரைவ் ஹோம்' பாடலில், இரவில் கார் ஓட்டிச் செல்லும் ஒருவனின் அருகிலிருந்த துணைவி திடீரென மறைந்துவிடுகிறாள். மனம் மூடி மறைத்த விபத்தொன்று மெல்ல வெளிப்படுகிறது. 'தி வாட்ச்மேக்கர்' பாடலில், வாழ்நாளெல்லாம் கடிகாரங்களைச் செம்மை செய்த முதியவர் தம் பழம்பாவத்தைச் சந்திக்க நேர்கிறது.

இறுதியில் வரும் தலைப்புப் பாடலே தொகுப்பின் இதயம். மரணத்தின் வாயிலில் இருக்கும் முதியவர் ஒருவர், இளமையிலேயே இறந்துபோன தம் தமக்கையை எண்ணி ஏங்குகிறார். தோட்டத்துக்கு ஓர் அண்டங்காக்கை வந்து போகிறது. தமக்கையே அவ்வுருவில் வந்திருப்பதாக அவர் நம்புகிறார். அன்று அவள் தமக்குப் பாடியதுபோல அது பாடிவிட்டால் போதும், ஐயம் தீர்ந்துவிடும். காக்கையோ பாடுவதில்லை. பியானோவின் சில சுரங்களோடு மிக மெதுவாகத் தொடங்கும் இப்பாடல், தந்திக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பேரலையாக எழுந்து அடங்குகிறது. காக்கைக்குச் சோறு வைத்து மூத்தோரை நினைக்கும் மரபில் வளர்ந்த நமக்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வாசித்தவர்களின் திறமையைத் தனியே சொல்ல வேண்டும். கிதாரில் கத்ரி கோவன், பேஸில் நிக் பெக்ஸ், டிரம்ஸில் மார்கோ மின்னமன், கீபோர்டில் ஆடம் ஹோல்ஸ்மன், புல்லாங்குழலிலும் சாக்ஸபோனிலும் தியோ ட்ராவிஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்ததைப் பதிவு செய்தவர், 1973இல் பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பின் ஒலிப்பதிவாளராக இருந்த ஆலன் பார்சன்ஸ். கிங் கிரிம்சன் குழு பயன்படுத்திய அதே மெல்லட்ரானும் இங்கு ஒலிக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா பொருத்தப்பட்ட அந்தப் பழைய இசைக்கருவியின் சற்றே நடுங்கும் ஒலி, ஆவிக்கதைக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. 'டிரைவ் ஹோம்' பாடலின் நிறைவில் கோவன் வாசிக்கும் கிதார்த் தனி வாசிப்பில், விரைவு இருந்தும் ஒரு சுரம்கூட வீணாவதில்லை.

கதவுக்குள் ஒரு வாழ்க்கை

இரண்டாவது தொகுப்பின் தோற்றத்துக்கு உண்மை நிகழ்வொன்று காரணமாயிற்று. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் நகரின் ஓர் அடுக்ககத்தில், இறந்து ஈராண்டுகளுக்கு மேலான ஒரு பெண்ணின் உடல் கண்டெடுக்கப்பட்டது. இறந்தபோது அவருக்கு வயது 38. தொலைக்காட்சி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அருகில் கிறிஸ்துமஸ் பரிசுப் பொருள்கள் கிடந்தன. வாடகையில் ஒரு பகுதி அரசு உதவித்தொகையிலிருந்து தானாகவே செலுத்தப்பட்டு வந்தது. எஞ்சிய பாக்கி பெருகிய பின்னரே அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தனர்.

அவர் முதியவரும் அல்லர், உறவற்றவரும் அல்லர். நல்ல பணிகளில் இருந்தவர்; உடன்பிறந்தோரும் நண்பர்களும் உடையவர். இயக்குநர் கரோல் மார்லி அவர் வாழ்வைத் தேடிச் சென்று 2011இல் 'டிரீம்ஸ் ஆஃப் எ லைஃப்' என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். அதனைக் கண்ட வில்சனின் மனத்தில் ஒரு கற்பனைப் பெண் உருக்கொண்டாள். பெருநகரின் நடுவே, மக்கள் கூட்டத்தின் நடுவே, மெல்ல மெல்லத் தன்னை மறைத்துக்கொள்ளும் அவளது பார்வையிலேயே தொகுப்பு விரிகிறது.

பதினொரு பகுதிகள், ஏறத்தாழ 66 நிமிடங்கள். முந்தைய தொகுப்பின் கலைஞர்கள் பலரும் இங்கும் உளர். ஆனால் இசையின் நிறம் வேறு. தலைப்புப் பாடல் எளிய மெட்டில் அமைந்த காதற்பாட்டு. 'பெர்ஃபெக்ட் லைஃப்' பாடலில் மின்னணுத் தாளத்தின்மீது ஒரு பெண் குரல் பாடாமல் பேசுகிறது: பதின்மூன்று வயதில் சில மாதங்கள் மட்டும் தன்னோடு வாழ்ந்து, பின் பிரிந்து சென்ற ஒரு வளர்ப்புச் சகோதரியைப் பற்றிய நினைவு அது. 'ரொட்டீன்' பாடலில், குடும்பத்தை இழந்த ஒரு தாய் அன்றாட வீட்டு வேலைகளைத் தவறாமல் செய்துகொண்டே இருக்கிறாள். வேலை நின்றால் துயரம் உள்ளே வந்துவிடும். இஸ்ரேலியப் பாடகி நினெட் தாயெப் அப்பாடலின் நடுவே எழுப்பும் ஓலம், எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சைப் பிசைகிறது. பதின்மூன்று நிமிடங்களைக் கடந்து செல்லும் 'ஆன்செஸ்ட்ரல்' பாடலில் புரோகிரசிவ் ராக்கின் முழு வலிமையும் வெளிப்படுகிறது.

இறுதிக்கு முந்தைய பாடல் 'ஹேப்பி ரிட்டர்ன்ஸ்'. அப்பெண் நெடுநாளாகத் தொடர்பற்றுப்போன தன் சகோதரனுக்கு மடல் எழுத அமர்கிறாள். அவன் குழந்தைகளுக்குப் பரிசு வாங்கி வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியவை எத்தனையோ உள்ளன. உறக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. நாளை முடித்துக்கொள்ளலாம் என்று எழுதுகோலைக் கீழே வைக்கிறாள். மடல் முடிவதில்லை. அதன்பின் சொற்களற்ற குரல்களோடு தொகுப்பு நிறைவுறுகிறது.

தராசின் இரு தட்டுகள்

இசைத்திறன் ஒன்றையே அளவாகக் கொண்டால் காக்கைக்கே என் வாக்கு. ஆறு பாடல்களில் ஒன்றுகூட மிகையன்று. குழுவினர் ஒருவர்க்கொருவர் விடையளித்து வாசிக்கும் நேர்த்தி, நல்லதொரு கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைக் கேட்கும் நிறைவைத் தருகிறது. இரண்டாவது தொகுப்பில் அத்தகைய ஒருமை இல்லை. எளிய பாட்டு, பேச்சு, மின்னணு ஒலி, கனத்த கிதார் என அது பல திசைகளில் செல்கிறது. முதன்முறை கேட்டபோது அதனைக் குறையாகவே கருதினேன். ஒரு மனிதரின் நினைவுகள் ஒரே நடையில் வருவதில்லை என்பது பிறகுதான் விளங்கிற்று.

குறை என்று சொல்லத்தக்கது முதல் தொகுப்பிலும் உண்டு. அதன் ஆவிகள் பழங்கதைகளின் பனிமூட்டத்துக்குள் வாழ்பவை. கண்ணீர் வரும்; ஆனால் ஏட்டை மூடிவைத்ததும் அது உலர்ந்துவிடும். மேலும் அது 1970களின் ஒலியைப் பெரிதும் போற்றி நிற்கிறது. இரண்டாவது தொகுப்போ அம்மரபின் கருவிகளைக் கொண்டு இக்காலத்து வாழ்வைப் பேசுகிறது. அதன் ஆவி அடுத்த வீட்டுக் கதவுக்குப் பின்னால், உயிரோடு இருக்கிறது.

தீர்ப்பும் ஒரு தொலைபேசி அழைப்பும்

இவ்வளவும் அறிந்திருந்தும் பல ஆண்டுகள் நான் காக்கையின் பக்கமே நின்றேன். என் எண்ணத்தை மாற்றியது இசை நுணுக்கம் அன்று.

என் தமக்கை நாக்பூரில் தனியே வசிக்கிறார். அத்தான் மறைந்த பிறகு, மாதந்தோறும் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு ஒரு தொகை செல்லுமாறு வங்கியில் நிலையான அறிவுறுத்தல் கொடுத்தேன். ஒரு முறை எழுதிக் கொடுத்ததோடு சரி. இதுவரை ஒரு மாதமும் தவறியதில்லை. பணம் சென்று சேர்ந்த குறுஞ்செய்தியைக் காணும்போதெல்லாம், அக்காவைக் கவனித்துக்கொள்கிறேன் என்ற நிறைவு எனக்குள் எழும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, மும்பை மின்ரயிலில் வீடு திரும்புகையில் இரண்டாவது தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'ஹேப்பி ரிட்டர்ன்ஸ்' ஒலிக்கும் வேளையில் அக்குறுஞ்செய்தி வந்தது. வழக்கம்போல் நிறைவு எழவில்லை. லண்டன் வீட்டில் தானாகவே செலுத்தப்பட்டு வந்த வாடகைதான் நினைவுக்கு வந்தது. அக்காவின் குரலைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னது. அப்போது ஆடி பிறந்திருந்தது.

தாதரில் இறங்கி, நடைமேடையின் இரைச்சலுக்கு நடுவே நின்றவாறே அழைத்தேன். மணி நெடுநேரம் ஒலித்தது. அதற்குள் என் மனம் எங்கெங்கோ சென்று வந்தது. பின் அவர் குரல் கேட்டது: "என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

தம்பி அழைத்தால் ஏதோ தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணுமளவுக்கு என் மௌனம் நீண்டிருந்தது. அவருக்கு முழங்கால் வலி வந்து இரு மாதங்கள் ஆகியிருந்தன, என்னிடம் சொல்லவில்லை. அன்று நாற்பது நிமிடங்கள் பேசினோம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறோம். பணம் தானாகவே செல்கிறது, அது செல்லட்டும். அழைப்பை மட்டும் நானே செய்கிறேன்.

ஆகவே என் தேர்வு 'ஹேண்ட். கேனாட். இரேஸ்.' ஒரு படைப்பு எத்துணை அழகானது என்பதைக் காக்கை எனக்குக் காட்டியது. என்னை எழுந்து ஒரு காரியம் செய்ய வைத்தது மற்றது.

இவ்விசைக்குப் புதியவரான வாசகர்கள், முதலில் 'டிரைவ் ஹோம்' பாடலையும் தலைப்புப் பாடலான 'தி ரேவன் தட் ரெஃப்யூஸ்ட் டு சிங்'கையும் கேட்டுத் தொடங்கலாம். பின்னர் 'பெர்ஃபெக்ட் லைஃப்', 'ரொட்டீன்' ஆகியவற்றுக்குச் செல்லலாம். இரண்டும் பழகியபின் ஒரு விடுமுறை நாளில், ஒவ்வொரு தொகுப்பையும் இடையே நிறுத்தாமல் முழுமையாகக் கேளுங்கள். என் தேர்வோடு நீங்கள் உடன்பட வேண்டுமென்பதில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் எவருடைய நினைவேனும் வந்தால், மடலை நாளைக்கென்று வைத்துவிடாதீர்கள்.