சவன்னாவில் வெஸ்லி

ஜார்ஜியாக் குடியேற்றத்திலுள்ள சவன்னாத் திருச்சபையில் ஜான் வெஸ்லி 1736 மார்ச்சில் பணியேற்றார். இரண்டு ஆண்டுகள்கூட அங்கு நீடிக்கவில்லை. அவரது மிதமிஞ்சிய கண்டிப்பே இதற்குக் காரணமென்று நாம் வழக்கமாய்க் கூறிவருகிறோம். குழந்தைகளைத் தண்ணீரில் முழுக்கியே ஞானஸ்நானம் கொடுப்பேன் என்று வற்புறுத்தியவர் அவர். எனினும் சபையை உடைத்தது அதுவன்று.

சோபியா ஹாப்கி என்னும் பெண்ணை மணக்க வெஸ்லி எண்ணினார்; ஆனால் முடிவு செய்யத் தயங்கினார். 1737 மார்ச்சில் அப்பெண் வில்லியம்சன் என்பவரை மணந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வெஸ்லி அவருக்குத் திருவிருந்தை மறுத்தார். பங்குபெற விரும்புவோர் முன்னதாகவே குருவானவருக்கு அறிவிக்கவேண்டும் என்பது பொது ஜெபப் புத்தகத்தின் விதி. அவ்விதிப்படி பார்த்தால் வெஸ்லியைக் குறைகூற இயலாது. அவர் அப்பெண்ணின் குறைகளை முன்னரே தனிமையில் எடுத்துரைத்துமிருந்தார். ஆனால், நேற்று மணக்க நாடியவரே இன்று திருவிருந்து மேசையருகே நியாயாதிபதியாய் நின்றால், சபையார் விதியைக் காண்பார்களா? புண்பட்ட மனிதனையே கண்டார்கள். விதி சரியாயிருந்தும் அதைச் செலுத்திய கை தகுதியிழந்திருந்தது என்பதே நம் கருத்து.

அப்பெண்ணின் உறவினரான காஸ்டன் அந்நகரின் தலைமை நீதிபதி. சான்றாயத்தார் பத்துக் குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்தனர். அவற்றுள் ஒன்பது திருச்சபை சார்ந்தவை, அவற்றை விசாரிக்க இம்மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று வெஸ்லி வாதிட்டார். எஞ்சிய ஒன்றை உடனே விசாரிக்குமாறு பன்முறை கேட்டார். விசாரணை நடக்கவேயில்லை. டிசம்பர் 2 அன்று, மாலை ஜெபம் முடிந்தபின், கடல்நீரோட்டம் வாய்த்த வேளையில் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.