நின்ற இடத்திலிருந்து தொடரும் நிரல்

1, 4, 9, 16 என வர்க்க எண்களைத் தரும் செயற்கூறு ஒன்றைக் கணிப்பொறிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 1 முதல் 1 கோடி வரையுள்ள எண்களின் வர்க்கங்களை ஒரே பட்டியலாகக் கேட்டால், ஓர் எண்ணுக்கு 8 பைட் வீதம் 8 கோடி பைட் நினைவகம் தேவைப்படும். ஆனால் நமக்கு வேண்டியது 1,000-ஐத் தாண்டும் முதல் வர்க்கம் மட்டுமே என்றால்? அது 32-இன் வர்க்கமான 1,024. முதல் 32 எண்களே போதும். மற்ற உழைப்பெல்லாம் வீண்!

'கேட்டால் ஒன்று கொடு, பிறகு நில், மீண்டும் கேட்டால் அடுத்ததைக் கொடு' என்ற முறையில் இயங்குவதே ஜெனரேட்டர் என்னும் ஆக்கிச் செயற்கூறு.

தறி சொல்லும் பாடம்

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் உணவுக்கு எழும்போது பாவை அறுப்பதில்லை. நெய்த துணியும் நெய்யாத பாவும் தறியிலேயே இருக்கும். எந்த மிதியை அடுத்து மிதிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் நினைவில் வைத்திருந்தால் போதும். திரும்பி வந்து அடுத்த ஊடையை ஓட்டலாம்.

சாதாரணச் செயற்கூறோ பாவையே அறுத்துவிட்டு எழுவது போன்றது. அதன் மாறிகளுக்கு 'அடுக்கு' எனும் நினைவகப் பகுதியில் இடம் கிடைக்கும். விடையைத் தந்ததும் அந்த இடம் பறிபோகும். அடுத்த செயற்கூறு அதன்மேல் எழுதிவிடும். பிறகு எங்கே நின்றோம் என்று எப்படித் தெரியும்?

தொகுப்பி செய்யும் மூன்று வேலைகள்

நாம் எழுதும் நிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பி. ஆக்கியைக் கண்டதும் அது செய்வன:

1. மாறிகளை அடுக்கில் வைக்காமல், அழியாத தனிப் பெட்டி ஒன்றில் வைக்கிறது.

2. நிற்கக்கூடிய இடங்களுக்கு எண் இடுகிறது. 0 என்றால் இன்னும் தொடங்கவில்லை. 1 என்றால் வர்க்கத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறது. 2 என்றால் முடிந்துவிட்டது. இந்த நிலை எண்ணும் பெட்டியில் இருக்கும்.

3. அடுத்த முறை அழைத்ததும் நிலை எண்ணைப் பார்த்து உரிய வரிக்குத் தாவும்படி கட்டளை சேர்க்கிறது.

பெட்டியில் 'எண் 5, நிலை 1' என்று இருக்கிறது. அழைத்தால், எண் 6 ஆகும்; 36 வெளிவரும்; நிலை மீண்டும் 1. ஒரே ஆக்கியை இருவர் அழைத்தால் பெட்டிகள் இரண்டு. ஒரே மாதிரிச் சேலையை இரு தறிகளில் நெய்வதைப் போல, ஒன்று மற்றொன்றைப் பாதிக்காது.

சி ஷார்ப் மொழியின் தொகுப்பி இப்படித்தான் நிரலை மாற்றி எழுதுகிறது. 2001இல் வெளிவந்த பைத்தான் 2.2 செயற்கூற்றின் சட்டத்தையே அழிக்காமல் வைத்துக்கொண்டது. இக்கருத்து அதற்கும் மூத்தது. நின்று தொடரும் கூறுகளைக் கொண்டு கோபால் மொழிக்குத் தொகுப்பி அமைப்பதை மெல்வின் கான்வே 1963இல் விளக்கினார். 1970களில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் சிஎல்யு மொழியில் ஆக்கிகளுக்கு இடம் தந்தனர்.

நீங்களே செய்து பாருங்கள்

1, 1, 2, 3, 5, 8... முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும். இதைத் தரும் ஆக்கியின் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்? இதுவரை கொடுத்த எண்கள் அனைத்துமா? இல்லை! 5-ஐக் கொடுத்து நிற்கும்போது 5, 8, நிலை எண் ஆகிய மூன்றே போதும். ஆயிரமாவது எண்ணைக் கேட்கும்போதும் மூன்றேதான். ஒரு தாளில் பெட்டி வரைந்து, நண்பரை அழைப்பவராக்கி, பத்து முறை விளையாடிப் பாருங்கள்.