ரிப்போர்ட்டில் இருப்பது கிரேடு, கேட்க வேண்டியது ஸ்டேஜ்

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ, இடுக்கியின் மூணாறு, பீர்மேடு எஸ்டேட் லயங்களிலோ வாழும் ஒரு தமிழருக்கு, வாயில் ஆறாத புண்ணைச் சதை எடுத்துப் பார்த்தால் முடிவு ஆங்கிலத்தில் வரும். டாக்டர் அதை மலையாளத்தில் விளக்குவார். வீட்டில் தமிழில் பேசிக்கொள்வார்கள். ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கிரேடு 2’ என்ற வரி இதற்குள் ‘ரெண்டாவது ஸ்டேஜ் கேன்சர்’ ஆகிவிடுவது சுலபம். இரண்டும் ஒன்றல்ல. மைக்ராஸ்கோப்பில் அந்தச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது கிரேடு. கட்டி எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்து நெறிகளுக்கோ வேறு உறுப்புக்கோ போயிருக்கிறதா என்பது ஸ்டேஜ். சிகிச்சையையும் பிழைக்கும் வாய்ப்பையும் பெருமளவு தீர்மானிப்பது ஸ்டேஜ்தான். அதை ஒரு துணுக்குச் சதை சொல்லிவிடாது. கழுத்தைத் தடவிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, பல சமயம் ஆபரேஷனுக்குப் பிறகே முழுதாகத் தெரியும். ஆகவே முதல் ரிப்போர்ட்டைத் தீர்ப்பாக வாசிப்பது தவறு. இடிந்து உட்கார்வதற்கும் அலட்சியமாக இருப்பதற்கும் அதில் ஆதாரமில்லை.

அந்த நீண்ட பெயர் சொல்வது, வாயின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் தட்டையான செல்களில் நோய் தொடங்கியது என்பதை மட்டுமே. வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இதே வகை. இதே பெயர் கருப்பை வாயிலும் நுரையீரலிலும் தோலிலும் வரும். அங்கெல்லாம் போக்கும் மருந்தும் வேறு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததை வைத்துக் கணக்குப் போட முடியாது. அளவும் ஏமாற்றும்: 2018 முதல் நடைமுறையில் உள்ள ஸ்டேஜ் முறையில், 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிய கட்டியானாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தால் ஒரு படி மேலே வைக்கப்படும். ‘நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெத்திலை பாக்குதான்’ என்பவர்களுக்கும் ஆறுதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பயம்தான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் ஆபரேஷனுக்குப் பின்னும் இறப்பதைப் பார்த்தே ஊர் இப்படி முடிவுகட்டியது. பழி சேர வேண்டியது கத்தியிடம் அல்ல, தாமதத்திடம். இன்னொரு கேள்வி நியாயமானது: கழுத்தில் கட்டியே தெரியாதபோது அங்கே ஏன் வெட்ட வேண்டும்? மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதையே சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயாளிகளில், வாயோடு சேர்த்துக் கழுத்து நெறிகளையும் முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். நெறி கட்டட்டும், பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கண்ணுக்குத் தெரியாமலே நோய் அங்கே போயிருக்கக்கூடும் என்பதே காரணம். எல்லோருக்கும் இது தேவை என்றில்லை, ஆழத்தைப் பொறுத்து மாறும். ஆனால் டாக்டர் கழுத்தைப் பற்றிப் பேசினால் அது காசு பறிக்கும் வேலை என்று எழுந்து வந்துவிடக் கூடாது.

தாமதம்தான் பகை என்றாலும், வலியில்லாத புண்ணுக்கு எஸ்டேட் தொழிலாளிகள் ஒருநாள் கூலியை விட்டு மலை இறங்குவார்களா என்றால், மாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதற்கான விடை திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கிடைத்தது. 1996-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மக்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவே. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் அறிவித்தார்கள். லயம் லயமாக இதைச் செய்வதற்கு ஸ்கேன் இயந்திரம் வேண்டாம், டார்ச் விளக்கு போதும். நோய் உறுதியானவருக்கோ கஷ்டம் வேறு: ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் வரை போக வேண்டும். கோட்டயமா, தேனியா, கோயம்புத்தூரா என்று முடிவு செய்யும் முன், கையிலுள்ள காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா என்பதை அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுவிடுவது நல்லது.